கணினியில் செய்தி ஓடை: நமக்கு ஏற்ற செயலி எது?



திருவனந்தபுரத்துக்கு வடக்கே கழக்கூட்டம் இருக்கிறது. இங்கே 1990-ஆம் ஆண்டு டெக்னோபார்க் தொடங்கப்பட்டது. இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா இதுதான். ஆயிரக்கணக்கானவர்கள் இங்கே கணினி முன் அமர்ந்து வேலை செய்கிறார்கள். அங்கிருந்து மேற்கே கொஞ்ச தூரம் போனால் கடல். கடலை ஒட்டி மீனவர் குடியிருப்புகள். ஒரு பக்கம் கணினி, மறு பக்கம் வலை. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று உதவ முடியுமா? முடியும். எப்படி என்று பார்ப்போம்.

1991 ஏப்ரல் 18 அன்று கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று கோழிக்கோட்டில் அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் மந்திரி அல்ல. மலப்புறம் மாவட்டத்தைச் சேர்ந்த சேலக்கோடன் ஆயிஷா. வயதான பிறகு எழுதப் படிக்கக் கற்றவர் அவர். 2025 ஆகஸ்டு 21 அன்று இன்னொரு அறிவிப்பு வந்தது. கேரளம் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அரசு அறிவித்தது.

அன்று பஸ் பலகையைப் படித்தோம். கையெழுத்துப் போடக் கற்றோம். இன்று திரையில் வருவதையும் படிக்கிறோம். ஆனால் திரையில் எது வர வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்? நாமா, வேறு யாரோவா? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

செய்தி ஓடை என்றால் என்ன?

ஃபேஸ்புக், எக்ஸ், இன்ஸ்டாகிராம், யூடியூப், டெலிகிராம் ஆகியவற்றைச் சமூக ஊடகம் என்கிறோம். இவற்றில் அரசுத் துறைகளுக்குக் கணக்கு உண்டு. பத்திரிகைகளுக்கு உண்டு. நம் உறவினர்களுக்கும் உண்டு. நமக்கு வேண்டிய கணக்கைத் தேர்ந்தெடுக்கிறோம். இதைப் பின்தொடர்தல் என்கிறார்கள். அவர்கள் எழுதுவதும் படம் போடுவதும் ஒன்றன்பின் ஒன்றாக நம் திரையில் வரும். ஓடையில் தண்ணீர் வருவது போல வந்துகொண்டே இருக்கும். அதனால் இதற்குச் செய்தி ஓடை என்று பெயர்.

ஓடையில் நல்ல தண்ணீரும் வரும். குப்பையும் வரும். கரையில் நின்று வடிகட்டி எடுப்பது நம் வேலை. அதற்கு உதவும் கருவிதான் செயலி.

கடல் சொல்லாததைச் செய்தி சொல்லும்

வானத்தைப் பார்த்துக் கடலை அறிபவர்கள் நம் மீனவர்கள். ஆனால் கள்ளக்கடலை வானம் காட்டிக் கொடுப்பதில்லை. தெற்கு இந்தியப் பெருங்கடலில், வெகு தொலைவில் பலத்த காற்று வீசும். அங்கே எழும் அலைகள் பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து, சில நாள்கள் கழித்து நம் கரைக்கு வரும். அப்போது இங்கே வானம் தெளிவாக இருக்கும். காற்றும் இராது. கள்ளன் போலச் சொல்லாமல் வருவதால் இந்தப் பெயர்.

2024 மார்ச் 31 அன்று தென் கேரளக் கரையில் கள்ளக்கடல் ஏறியது. கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. இத்தகைய அலையை முன்கூட்டியே கணித்துச் சொல்லும் நிறுவனம் ஐதராபாத்தில் இருக்கிறது. அதன் பெயர் இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம். சுருக்கமாக இன்காய்ஸ் என்பார்கள்.

ஒக்கி புயலையும் நாம் மறக்கவில்லை. 2017 நவம்பர் 30 அன்று நண்பகல் அளவில்தான் அது புயல் என்று அறிவிக்கப்பட்டது. அதற்குள் திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் பலர் கடலில் வெகு தூரம் போயிருந்தார்கள். கைப்பேசிக் கோபுரத்தின் அலை அவ்வளவு தூரம் எட்டாது. பல வீடுகளில் ஆண்கள் திரும்பி வரவில்லை.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. எச்சரிக்கை சீக்கிரம் வர வேண்டும். அது அரசின் பொறுப்பு. வந்த எச்சரிக்கையைக் கரையில் இருக்கும்போதே படிக்க வேண்டும். அது நம் பொறுப்பு.

கைப்பேசி இருக்கும்போது கணினி எதற்கு?

கைப்பேசி ஒருவர் கையில் இருக்கும். கணினியை வாசகசாலையில் வைத்தால் பத்துப் பேர் சேர்ந்து பார்க்கலாம். எழுத்து பெரிதாகத் தெரியும். வயதானவர்களும் படிக்கலாம். ஒரே திரையில் மூன்று, நான்கு ஓடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். ஒருவர் படித்து, வாசலில் உள்ள பலகையில் எழுதிப் போடலாம்.

ஒரு கரையோர வாசகசாலையை நினைத்துக்கொள்வோம். அங்கே ஒரு பெரியம்மாவும் கணினியைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணும் பேசுகிறார்கள்.

பெரியம்மா: என் போன்லயே எல்லாம் வருதே மக்களே. இது எதுக்கு?

பெண்: போன்ல இன்னைக்கு என்ன வந்துது பெரியம்மா?

பெரியம்மா: முதல்ல ஒரு கல்யாண வீடியோ. அப்புறம் சேலை விளம்பரம். அதுக்குக் கீழ கடலுக்குப் போகாதேன்னு ஒரு எச்சரிக்கை.

பெண்: அந்த எச்சரிக்கை எந்தத் தேதியில போட்டது?

பெரியம்மா: இரு, பார்க்கேன். அட, மூணு நாளைக்கு முந்தி!

பெண்: போட்டது மூணு நாளைக்கு முந்தி. நம்ம கண்ணுல பட்டது இன்னைக்கு.

ஏன் இப்படி நடக்கிறது?

பல சமூக ஊடகங்கள் பதிவுகளை நேர வரிசையில் காட்டுவதில்லை. எதைக் காட்டினால் நாம் அதிக நேரம் பார்ப்போம் என்று கம்பெனியின் கணினி கணக்குப் போடுகிறது. அதை மேலே வைக்கிறது. நாம் அதிக நேரம் பார்த்தால் கம்பெனி அதிக விளம்பரம் காட்டலாம். அதுதான் அவர்களுடைய வருமானம்.

கல்யாண வீடியோ மூன்று நாள் கழித்து வந்தால் நஷ்டம் இல்லை. புயல் எச்சரிக்கை அப்படி அல்ல. பழைய எச்சரிக்கையைப் புதிது என்று நினைத்தால் ஒரு நாள் பிழைப்பு கெடும். புதிய எச்சரிக்கை கண்ணில் படாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

வதந்தியும் இந்த வழியில்தான் வருகிறது. 2018 ஆகஸ்டு மாதப் பெருவெள்ளத்தின்போது, முல்லைப்பெரியாறு அணை உடைந்துவிட்டது என்ற பொய்ச் செய்தி வாட்ஸ்அப்பில் பரவியது. வெள்ளத்தில் தவித்த மக்கள் மேலும் பயந்தார்கள். அது பொய் என்று அரசு விளக்க வேண்டியிருந்தது. செய்தி எங்கிருந்து புறப்பட்டது என்று தெரிந்தால் இந்தப் பயம் வராது.

செயலிகளில் எத்தனை வகை?

கணினியில் செய்தி ஓடையைப் படிக்க நான்கு வழிகள் உண்டு.

முதல் வழி, உலாவி. இதைப் பிரவுசர் என்றும் சொல்வார்கள். ஃபயர்பாக்ஸ், குரோம் ஆகியவை உலாவிகள். எல்லாக் கணினியிலும் ஓர் உலாவி இருக்கும். புதிதாக எதையும் போட வேண்டாம். வேண்டிய பக்கத்தைத் திறந்து, அடையாளக் குறி போட்டு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வழி, கம்பெனியே கொடுக்கும் செயலி. வாட்ஸ்அப், டெலிகிராம் இரண்டுக்கும் கணினிச் செயலி உண்டு. டெலிகிராமின் சேனல்களில் பதிவுகள் நேர வரிசையிலேயே வரும்.

மூன்றாவது வழி, பல ஓடைகளைப் பத்தி பத்தியாகக் காட்டும் செயலி. ட்வீட்டெக் இதற்குப் பெயர் பெற்றது.

நான்காவது வழி, ஓடை வாசிப்பான். ஓர் இணையதளம், தான் புதிதாகப் போட்டவற்றின் பட்டியலைத் தனியாக ஒரு கோப்பில் வைத்திருக்கும். ஓடை வாசிப்பான் அந்தக் கோப்பைப் போய்ப் பார்த்து, புதியவற்றை மட்டும் கொண்டுவந்து தரும். பால்காரர் வீடு வீடாகப் போய்ப் பால் சேர்ப்பது போல. இந்த முறைக்கு ஆர்.எஸ்.எஸ். என்று பெயர். இது 1999-இல் தொடங்கியது. 2000-ஆம் ஆண்டில் இதன் ஒரு பதிப்பை எழுதிய குழுவில் ஆரன் சுவார்ட்ஸ் என்ற அமெரிக்கச் சிறுவரும் இருந்தார். அப்போது அவருக்கு வயது 14.

தண்டர்பேர்டு என்ற இலவசச் செயலி மின்னஞ்சலையும் படிக்கும், இந்த ஓடைகளையும் படிக்கும். விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூன்றிலும் ஓடும். யூடியூப் சேனல்களுக்கும் மாஸ்டடான் கணக்குகளுக்கும் இத்தகைய ஓடை உண்டு. ஃபேஸ்புக், எக்ஸ், வாட்ஸ்அப் ஆகியவை இந்த ஓடையைத் தருவதில்லை. அவற்றை அவர்களுடைய இடத்துக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

ட்வீட்டெக் கதை

செயலியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

இங்கிலாந்தைச் சேர்ந்த இயன் டாட்ஸ்வொர்த் என்பவர் 2008-இல் ட்வீட்டெக் செயலியை வெளியிட்டார். ட்விட்டர் பதிவுகளை நேர வரிசையில், பத்தி பத்தியாக அது காட்டியது. செய்தியாளர்களும் மீட்புப் பணியாளர்களும் அதை விரும்பினார்கள். 2011-இல் ட்விட்டர் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. 2016-இல் அதன் விண்டோஸ் செயலியை நிறுத்தியது. 2022-இல் மேக் செயலியையும் நிறுத்தியது. 2023 ஜனவரியில், வெளியார் செய்த ட்விட்டர் செயலிகள் எல்லாம் தடுக்கப்பட்டன. அதே ஆண்டு ஜூலையில் ட்விட்டரின் பெயர் எக்ஸ் என்று மாறியது. ஆகஸ்டில் ட்வீட்டெக் பணம் கட்டுபவர்களுக்கு மட்டும் என்று ஆனது. பல ஆண்டுகளாகப் பழகிய கருவி பலர் கையை விட்டுப் போனது.

கூகுளும் ஓர் ஓடை வாசிப்பானை நடத்தியது. 2005-இல் தொடங்கியது. 2013 ஜூலை 1 அன்று மூடிவிட்டது. ஆனால் அங்கே ஒரு நல்லது இருந்தது. நாம் பின்தொடரும் தளங்களின் பட்டியலை ஒரு கோப்பாக எடுத்துக்கொள்ள முடிந்தது. அந்தக் கோப்பை வேறு வாசிப்பானில் போட்டால் போதும். எல்லா ஓடையும் திரும்பி வந்துவிடும்.

வாடகை வீடு பிடிக்கும்போது என்ன கேட்கிறோம்? வாடகை எவ்வளவு என்று கேட்கிறோம். காலி செய்யச் சொன்னால் எத்தனை நாள் அவகாசம் என்றும் கேட்கிறோம். செயலியிடமும் அப்படித்தான் கேட்க வேண்டும்.

ஆறு கேள்விகள்

எந்தச் செயலியாக இருந்தாலும் இந்த ஆறு கேள்விகளைக் கேளுங்கள்.

1. நேர வரிசையில் காட்டுமா? புதியது மேலே வர வேண்டும். ஒவ்வொரு பதிவிலும் தேதியும் நேரமும் தெரிய வேண்டும்.

2. நாம் சேர்த்ததை மட்டும் காட்டுமா? சில செயலிகள் நாம் கேட்காததையும் நடுவில் செருகும். அதை நிறுத்த வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

3. எழுத்து நன்றாகத் தெரியுமா? தமிழ், மலையாளம் இரண்டும் கட்டம் கட்டமாக உடையாமல் தெரிய வேண்டும். எழுத்தைப் பெரிதாக்க முடிய வேண்டும். உலாவியில் கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு கூட்டல் விசையைத் தட்டினால் எழுத்து பெரிதாகும்.

4. நம் கணினிக்குப் பொருந்துமா? பழைய கணினியில் பெரிய செயலி தவழும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புச் சேவை 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பழைய கணினிக்கு லினக்ஸ் ஒரு வழி. கேரளப் பள்ளிகளின் கணினிகளில் அதுதான் ஓடுகிறது. அதனால் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கே அது தெரிந்திருக்கலாம். கட்டற்ற மென்பொருளுக்காகக் கேரள அரசு தொடங்கிய மையம் ஒன்றும் கழக்கூட்டத்தை அடுத்த காரியவட்டத்தில் இருக்கிறது.

5. யார் செய்தது? என்ன கேட்கிறது? செயலியை அதைச் செய்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்தோ, கணினியின் செயலிக் கடையிலிருந்தோ மட்டும் இறக்குங்கள். யாரோ அனுப்பிய இணைப்பைத் தொட்டு இறக்காதீர்கள். செய்தி படிக்கும் செயலிக்கு உங்கள் வங்கி விவரம் எதற்கு? கேட்டால் விட்டுவிடுங்கள்.

6. விலக நினைத்தால் பட்டியலை எடுத்துச் செல்ல முடியுமா? முடியும் என்றால் நல்லது. முடியாது என்றால், பின்தொடரும் கணக்குகளின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நோட்டை எந்தக் கம்பெனியும் மூட முடியாது.

வாசகசாலைக்கு எது ஏற்றது?

பெரியம்மாவின் வாசகசாலைக்குத் திரும்புவோம். அவர்களுக்கு முக்கியமாக வேண்டியது கடல், மழை எச்சரிக்கை. அதற்கு உலாவியே முதல் தேர்வு. இந்திய வானிலைத் துறை, இன்காய்ஸ், கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஆகிய மூன்றின் சொந்த இணையதளங்களுக்கும் அடையாளக் குறி போட்டு வைக்கலாம். காலையிலும் மாலையிலும், கடலுக்குப் புறப்படும் நேரத்துக்கு முன்பும் திறந்து பார்க்கலாம். நடுவில் விளம்பரம் வராது.

அடுத்தது, தண்டர்பேர்டு. செய்தித் தளங்களையும் யூடியூப் சேனல்களையும் அதில் சேர்க்கலாம். அவை நேர வரிசையில் வரும். பட்டியலையும் கோப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

எக்ஸில் உள்ள அரசுக் கணக்கைப் பார்க்கும்போது ஒரு கவனம் தேவை. கணக்கில் நுழையாமல் பார்த்தால் பழைய பதிவுகள் மேலே வரலாம். தேதியைப் பார்க்காமல் எதையும் பலகையில் எழுதக் கூடாது. அங்கே நீல நிற டிக் இப்போது பணம் கட்டுபவர்களுக்கும் கிடைக்கிறது. அதனால் நீல டிக்கை மட்டும் நம்ப வேண்டாம். அரசுக் கணக்குகளுக்குச் சாம்பல் நிற டிக் இருக்கும்.

வாட்ஸ்அப்பைப் பொதுக் கணினியில் போட வேண்டாம். கைப்பேசியால் குறியீட்டைப் படம் பிடித்தவுடன் உங்கள் சொந்தப் பேச்சு அந்தத் திரையில் வந்துவிடும். எப்போதாவது அப்படி இணைத்துவிட்டால், கைப்பேசியிலேயே இணைத்த சாதனங்களின் பட்டியலைத் திறந்து துண்டித்து விடலாம். பேரன் படம் பார்க்க வீட்டுக் கணினியே போதும்.

நிறத்தைப் படிக்கத் தெரிய வேண்டும்

செயலி நல்லதாக இருந்தாலும், வந்த செய்தியின் பொருள் தெரியாவிட்டால் பயன் இல்லை. கேரளத்தில் மழை எச்சரிக்கை மூன்று நிறங்களில் வருகிறது. ஒரு நாளில் பெய்யக்கூடிய மழையின் அளவு இது.

மஞ்சள்: 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை. கவனமாக இருங்கள்.

ஆரஞ்சு: 115.6 முதல் 204.4 மில்லிமீட்டர் வரை. தயாராக இருங்கள்.

சிவப்பு: 204.4 மில்லிமீட்டருக்கு மேல். அதிகாரிகள் சொல்வதை உடனே செய்யுங்கள்.

கேரள அறிவிப்புகள் பெரும்பாலும் மலையாளத்தில் வரும். உலாவியில் தமிழாக மாற்றும் வசதி உண்டு. ஆனால் இயந்திரம் தவறும். மாவட்டத்தின் பெயர், நிறம், தேதி ஆகிய மூன்றையும் மலையாளம் தெரிந்த ஒருவரிடம் சரிபாருங்கள்.

பலகையில் எழுதும்போது நான்கு விவரங்கள் கட்டாயம் வேண்டும். என்ன எச்சரிக்கை? யார் கொடுத்தது? எப்போது கொடுத்தது? எதுவரை? சந்தேகம் இருந்தால் 1077 என்ற எண்ணில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையைக் கேட்கலாம்.

செயலி ஒன்றையே நம்பியும் இருக்கக் கூடாது. புயல் நாளில் கரண்ட் போகும். இணையமும் போகும். ரேடியோவும் தேவாலய ஒலிபெருக்கியும் அப்போதும் உதவும்.

செயலியின் பெயர் நாளை மாறலாம். புதிய செயலிகள் வரலாம். ஆறு கேள்விகள் மாறாது. எழுத்தைக் கற்ற நாம், எந்த எழுத்து நம் முன் வர வேண்டும் என்றும் முடிவு செய்வோம்.

செய்து பாருங்கள்

1. உங்கள் கைப்பேசியில் இன்று முதலில் வந்த ஐந்து பதிவுகளின் தேதியைப் பாருங்கள். அவை நேர வரிசையில் இருக்கின்றனவா?

2. அந்த ஐந்தில் நீங்கள் பின்தொடரும் கணக்கிலிருந்து வந்தவை எத்தனை? கேட்காமல் வந்தவை எத்தனை?

3. உங்களுக்குக் கட்டாயம் வேண்டிய கணக்குகள் எவை? ஐந்தின் பெயரை நோட்டில் எழுதுங்கள்.

4. உங்கள் ஊர் வாசகசாலைக்கு ஒரு செயலியைத் தேர்ந்தெடுங்கள். ஆறு கேள்விகளுக்கும் அதன் விடை என்ன? குழுவாகப் பேசுங்கள்.

சொற்களின் பொருள்

ஓடை – நாம் பின்தொடரும் கணக்குகளிலிருந்து தொடர்ந்து வரும் பதிவுகள்
செயலி – கணினியிலோ கைப்பேசியிலோ ஒரு வேலையைச் செய்யும் மென்பொருள்
உலாவி – இணையதளங்களைத் திறந்து பார்க்க உதவும் செயலி
விசை – தட்டச்சுப் பலகையில் நாம் அழுத்தும் பொத்தான்
கட்டற்ற மென்பொருள் – யாரும் பயன்படுத்தவும், திறந்து பார்க்கவும், திருத்தவும், பகிரவும் உரிமை தரும் மென்பொருள்